நேசராணி விழுங்கிய கஞ்சி

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து மாடசாமி பதினோரு மாதமாகச் சாப்பிட்ட கஞ்சியை எல்லாம் விழுங்கிக் கொடுத்தவள், பதுளையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நேசராணி. விழுங்கச் சிரமப்படுகிறவர்களைச் சோதித்துச் சிகிச்சை கொடுப்பது அவள் தொழில். பாரிசவாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்து வந்த மாடசாமியை நிமிர்த்தி உட்காரவைத்து, நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தச் சொல்லி, ஒரு கரண்டித் தண்ணீர் கொடுத்து, தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தாள். அசைவே இல்லை. அன்றைக்கு அவர் பத்தொன்பதாவது ஆள். மத்தியானச் சோற்றுப் பார்சலைக்கூட அவள் பிரித்திருக்கவில்லை. அலுப்பில் தன் எச்சிலை விழுங்கினாள். விரலுக்கடியில் அவருடைய தொண்டை ஏறி இறங்கியது. இருமல் இல்லை, குரலில் கரகரப்பும் இல்லை. விழுங்குகிறார் என்று கார்டில் எழுதினாள். யார் விழுங்கியது என்று எழுத அதில் இடமில்லை.

அதற்குப் பிறகு அவள் விழுங்கினால்தான் அவர் தொண்டை இறங்கியது; தூரம் ஒரு பொருட்டாகவே இல்லை. மாடசாமியின் மகள் சுதர்ஷினி ஒரு நாளைக்கு மூன்று தடவை போன் எடுப்பாள்.

"மிஸ், அப்பா வாயில கஞ்சி வச்சாச்சு. முழுங்குங்க."

பஸ்ஸிலும் பூசையிலும் வேளைக்கு நாற்பது தடவை நேசராணி விழுங்கினாள். பயிற்சி கொடுத்தாள், பெரிய டாக்டர்களிடம் காட்டினாள், ஒன்றுக்கும் அவர் தொண்டை தானாக அசையவில்லை. தனக்கென்று ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கவும் பூனாகலையைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருமுறை ஒரு சாவு வீட்டில் மறதியாக மடமடவென்று குடித்துவிட்டாள். அங்கே வாயிலிருந்த கஞ்சி நுரையீரலுக்குப் போய் மாடசாமிக்கு ஒன்பது நாள் காய்ச்சல். பாவி மனுஷி, அதோடு வெளியில் கை நனைப்பதையே விட்டுவிட்டாள்.

பங்குனியில் அவள் தொண்டை நின்றுபோனது. வைத்த சோறு வாயிலேயே கிடந்தது. தன் பட்டினி போகட்டும், அங்கே மாடசாமியும் இரண்டு நாள் பட்டினி. மூக்கு வழியாகக் குழாய் போடுவதைத் தவிர வழியில்லை என்று சொல்ல பஸ் ஏறி அவர்கள் லயத்து வீட்டுக்குப் போனாள். அவளைக் கண்டதும் மாடசாமி கோணல் வாயால் சொன்னார்: "மிஸ்ஸுக்குத்தான் கஷ்டம். போதுங்க, விட்ருங்க." நேசராணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்நேரம் அவருடைய மனைவி வேலாயி கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்தாள். இடுப்பில் கட்டிய நனைந்த படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள். யாரையும் கேட்கவில்லை. நேசராணி முன்பு செய்துகாட்டிய மாதிரியே புருஷன் தொண்டையில் விரல் வைத்து, ஒரு கரண்டிக் கஞ்சி ஊட்டி, கண்ணை மூடித் தன் எச்சிலை விழுங்கினாள். இறங்கியது. அதே நொடியில் நேசராணியின் தொண்டையும் திறந்துகொண்டது.

"இனி நான் பாத்துக்கிறேன் மிஸ். நீங்க போயி ரெண்டு வாய் சாப்பிடுங்க. எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

தன்னைவிடக் களைத்தவள் தலையில் கட்டிவிட்டோமே என்று நேசராணிக்கு வெட்கமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது, நிம்மதிதான் அதிகம். திரும்பும் வழியில் பண்டாரவளையில் இறங்கி, யாரையும் கேட்காமல், மூன்று ரொட்டி தின்றாள்.

இப்போதும் பகல் பன்னிரண்டு மணிக்கு மலையில் வேலாயி கூடையோடு நின்று விழுங்குகிறாள். பக்கத்து நிரைப் பெண்கள் பேச்சை நிறுத்தி, மாடசாமி சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசுகிறார்கள்.