கழுத்துச் சங்கிலியும் வளைபந்தும்

மூன்று வாரமாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரடமேஸின் வளைபந்தை மட்டும் எல்லோரும் வெளுத்து வாங்கினார்கள். பானி ஊரில் எங்கள் பேஸ்பால் அணிக்கு அவன் பந்து வீசும் பிட்சர், நான் பேட்டருக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்கும் கேட்சர். "இன்னிக்கும் அடி வாங்கினான்னா அணியில இடம் கிடையாது" என்று மேனேஜர் லியோகாதியோ கறாராகச் சொல்லிவிட்டார்.

பந்தில் குறையே இல்லை. நடுவிரல் தையலில் அழுந்தும், மணிக்கட்டு திரும்பும். முன்பக்கமாகச் சுழன்று வரும் பந்தைக் காற்றே கீழே தள்ளும். மார்புக்கு நேராகக் கிளம்பியது முழங்காலில் வந்து விழும். பிறகு எப்படித்தான் அடிக்கிறார்கள்? அவன் முழங்கையைப் பார்த்தேன், கால் தூக்குவதைப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன்தான் முன்னால் இருந்தோம், மூன்றாவது பேஸில் ஓடி வந்து ரன்னைச் சமன் செய்யக் காத்திருந்தான் எதிரணி ஆள். பேட்டர் ஒரு வளைபந்தைப் பளாரென்று அறைந்தான். அது கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி விழுந்ததால் பிழைத்தோம். இன்னும் ஒரு பந்தைத் தவறவிட்டால் அவன் அவுட், ஆட்டம் எங்களுக்கு.

வெளியே போன அந்தப் பந்து வருவதற்கு முன், குந்தியபடியே பேட்டரின் முகத்தை அண்ணாந்து பார்த்திருந்தேன். அவன் கண் ரடமேஸின் கையில் இல்லை, கழுத்தில் இருந்தது!

நான் இரண்டு விரல் காட்டி வளைபந்து கேட்கும்போது மட்டும் ரடமேஸ் கழுத்துச் சங்கிலியில் தொங்கும் மாதா பதக்கத்தை முத்தமிடுகிறான். பஸ் ஏறினாலே பதக்கத்தை முத்தமிடுகிற ஊர் இது, எனக்கு எங்கே உறைக்கும்? என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவனிடம் ஓடினேன். "டேய், முத்தம் குடுத்து நீயே காட்டிக் குடுக்குறடா!"

"நானா? அந்தப் பந்துன்னாலே பயம்டா. கை தானா போகுது."

"முத்தம் குடுக்காம போடு."

"விரல் நடுங்குமே."

"அப்ப வேகப்பந்துக்கும் குடு."

"மாதாவ வச்சு ஏமாத்தச் சொல்றியா? போடா பாவி!"

திரும்பி வந்து குந்தினேன். ஒரு விரல் காட்டினேன், வேகப்பந்து. ரடமேஸ் என்னையே பார்த்தபடி நின்றான். அப்புறம் அவன் கை கழுத்துக்குப் போனது. பதக்கத்தை முத்தமிட்டான்.

பேட்டர் லேசாகச் சிரித்துக்கொண்டு, பந்து கீழே விழக் காத்திருந்தான். அது விழவே இல்லை. என் கையுறைக்குள் வந்து அறைந்த பிறகுதான் மட்டை சுழன்றது.

எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நான் காதோரம் போய், "கடைசியில மாதாவ வச்சு ஏமாத்திட்டியேடா!" என்றேன்.

"யாருடா ஏமாத்துனா?" என்றான். அவன் விரல்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. "இன்னிக்கு அந்த வேகப்பந்துக்குத்தாண்டா எனக்கு உசுரே போச்சு."