மகள் மாதிரி

அம்மாவுக்குத் தலை வாரிவிட வேண்டும். சீப்பு எங்கே இருக்கிறது என்று மகளுக்குத் தெரியவில்லை. அலமாரியின் மேல்தட்டில் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினாள். பிறகு இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தாள்.

"ரெண்டாவதுல இருக்கு அக்கா. கைக்குட்டைக்கு அடியில."

சொன்னவள் கட்டிலின் மறுபக்கம் நின்று அம்மாவின் பாதங்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல், விரல் விரலாக. சீப்பு அவள் சொன்ன இடத்தில்தான் இருந்தது. பல்லில் இரண்டு நரைமுடி சுற்றிக்கொண்டிருந்தது.

மகள் நடுவகிடு எடுத்தாள்.

"இப்பல்லாம் எடது பக்கந்தான் எடுப்பாங்க. நடுவுல முடி கொட்டிடுச்சுன்னு."

சீப்பு ஒரு கணம் நின்றது. பிறகு நடுவிலேயே வாரி முடித்தது.

சாவு வீட்டில், அதுவும் பெற்ற தாயின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி பொறாமைப்படுவாளா என்று உங்களுக்குத் தோன்றும். படுவாள். காலையில் போன் வந்ததிலிருந்து அழுகை வரும் வரும் என்று அவளும் காத்திருந்தாள். அது வரவேண்டிய இடத்தில் இது வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

எதிரே நின்றவளை எல்லோரும் ஏழு என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம் நடையில் மாட்டியிருந்த மரத்தட்டு. பழப்பெட்டிப் பலகைகளை அறுத்து ஒரு தச்சர் செய்து கொடுத்தது. புறாக்கூடு போலப் பன்னிரண்டு அறைகள், அறைக்கு ஓர் எண். அம்மா முப்பத்தோரு வருஷம் தபால் அலுவலகத்தில் கடிதம் பிரித்தவள். வீடு வேண்டும் என்று மனுப் போட ஒரு விலாசம் வேண்டும், விலாசம் வேண்டுமென்றால் முதலில் வீடு வேண்டும் என்கிற கூத்தை அங்கே உட்கார்ந்தே பார்த்துவிட்டவள். ஓய்வு பெற்ற மறுவாரமே தன் வீட்டு விலாசத்தை இரவல் கொடுக்க ஆரம்பித்தாள். பாலத்துக்கு அடியில் இருந்தவர்கள், ஓடாத வேனுக்குள் பிள்ளைகளோடு படுத்தவர்கள், அண்ணன் வீட்டிலிருந்து மூட்டையோடு வெளியேற்றப்பட்டவர்கள் எல்லோரும் இந்தக் கதவு எண்ணை எழுதிக்கொண்டார்கள். கடிதம் வந்தால் அவரவர் அறையில் கிடக்கும்.

தெருவும் மெல்ல மெல்ல அவளோடு சேர்ந்துகொண்டது. பள்ளி ஆசிரியை மனு எழுதிக் கொடுத்தாள். தச்சர் காலி வீடுகளின் ஜன்னலைச் சரிசெய்தார். வீடு கிடைத்துப் போனவர்கள், அடுத்துப் போகிற குடும்பத்துக்கு ஆளுக்கொரு சாமான் கொண்டுவந்தார்கள், ஒருவர் வாளி, ஒருவர் மெத்தை. வீடு கிடைத்தால் எண் அடுத்தவருக்குப் போய்விடும். ஆனால் யாரும் எண்ணை விட்டுக்கொடுப்பதில்லை. காலையிலிருந்து வந்தவர்கள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் பழைய நாலு, நான் ரெண்டாவது பதினொண்ணு என்று அறிமுகம் செய்துகொண்டார்கள், என்னவோ ராஜபரம்பரை மாதிரி.

மகளுக்கு அதில் அறை கிடையாது. அவள் கல்யாணமாகி இரண்டு பஸ் தூரம் போனபோது, இந்த விலாசத்திலிருந்து அவள் பெயரை நீக்கும்படி அம்மாவே எழுதி, அம்மாவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். தப்பென்று சொல்ல முடியாது. கடிதம் பிரிக்கிறவளுக்கு ஆள் ஓரிடம் விலாசம் ஓரிடம் என்று இருந்தால் பிடிக்காது. ஆனாலும் நீக்கிய இடத்தில் இத்தனை பெயர்களை எழுதிக்கொண்டாளே என்பது மகளுக்கு ஆறவில்லை.

அவள் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்த்தாள். ஊருக்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுப்பது அவள்தான். அம்மாவிடம்தான் அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. மாலையில் வேலை முடிந்து வந்தால் கூடத்தில் ஏதாவது ஒரு எண் உட்கார்ந்திருக்கும். ஒரு முறை தன் குழந்தையின் காய்ச்சலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அம்மா பாதியில் எழுந்துபோய் ஐந்தாம் நம்பரின் கடிதத்தைத் தேடினாள். அன்றோடு மகள் வருவதைக் குறைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு போன். பத்து நிமிஷம். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, சரி வச்சிடறேன்.

இப்போது கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"நேத்து சாயங்காலம் நீதான கடைசியா பார்த்தே. என்ன சொன்னாங்க?"

ஏழு துணியைப் பிழிந்தாள். "ஒண்ணும் சொல்லலக்கா. கடுதாசி வந்திருக்கு, எடுத்துக்கோன்னாங்க. போறப்ப, கதவைச் சாத்திட்டுப் போ, ஈ வருதுன்னாங்க. காலைல வந்து பார்த்தா நான் சாத்தின கதவு அப்படியே இருந்துச்சு."

அவ்வளவுதான். ஈ வருது. அதுவாவது தன்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது மகளுக்கு. அம்மாவின் கடைசி வார்த்தையும் நேராக ஏழாம் அறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அம்மாவின் தம்பிக்கு யாருக்கோ போன் பண்ண எண் வேண்டியிருந்தது. அதைத் தேடி மகள் சமையலறைக்குப் போனாள். சுவரில் நாள்காட்டி. கட்டத்துக்குக் கட்டம் அம்மாவின் குட்டிக் கையெழுத்து. மூன்றாம் நம்பர், மருத்துவச் சீட்டு. பத்து, பள்ளியில் சேர்க்கை. இன்றைய கட்டத்தில், 'மணி 3. ஏழு. வீட்டை விட்டு நகரக் கூடாது' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

மகள் தன் பெயரைத் தேடினாள். போன மாதத்தைப் புரட்டினாள், அதற்கு முந்தைய மாதத்தையும். எங்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு எழுத்துகூட இல்லை. வெள்ளைவெளேரென்று கிடந்தன. தான் போன் பண்ணுவதைக்கூட ஒரு விஷயமாக எழுதவில்லை என்று நினைத்தாள்.

மூன்று மணிக்கு என்ன என்று ஏழிடம் கேட்டபோது அவள் சொல்லத் தயங்கினாள். அதை விடுங்க அக்கா, இன்னிக்கு அதுவா முக்கியம் என்றாள். பிறகு பழைய நாலுதான் விஷயத்தைச் சொன்னாள். ஏழும் புருஷனும் இரண்டு பெண் பிள்ளைகளும் சமூகக்கூடத்தின் பின்கட்டில் துணி மறைப்புக்குள் இரண்டு வருஷமாக இருக்கிறார்கள். வரிசையில் இப்போதுதான் அவர்கள் முறை வந்திருக்கிறது. இந்த விலாசத்தில் அவர்களுக்குப் பொறுப்பு சொல்கிறவரை நேரில் பார்த்துக் கையெழுத்து வாங்க வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து இன்று ஆள் வருகிறது. பொறுப்பு சொல்கிறவள் உள்ளே படுத்திருக்கிறாள்.

அந்தச் சமயத்தில்தான் மாமா கையில் திருப்புளியோடு வந்து நின்றார். அவர் மின்சார வேலை செய்கிறவர். கல்யாணமானாலும் சாவானாலும் சட்டைப் பையில் திருப்புளி இருக்கும்.

"நடை குறுகல்மா. நாலு மணிக்கு அக்காவை எடுத்துட்டுப் போறப்ப இந்தத் தட்டு இடிக்கும். கழட்டிட்டு அப்புறம் மாட்டிக்கலாமா?"

"கழட்டுங்க மாமா," என்றாள் மகள். "திரும்ப மாட்ட வேணாம்."

தாழ்வாரத்தில் நின்றிருந்த எண்கள் எல்லாம் பேச்சை நிறுத்தின. ஏழுக்கும் அது கேட்டது. அவள் வாளித் தண்ணீரைக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்து, மாமாவுக்குத் தட்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தாள். "பாத்து மாமா, கீழ் அறை ஆடும்." இவளுக்கும் மாமாவா என்று மகள் நினைத்தாள். சுவரில் நான்கு துளைகளும், வெளுக்காத ஒரு சதுரமும் மிச்சமாயின. தட்டை நடைக்கு வெளியே வாசல் சுவரில் சாய்த்து வைத்தார்கள்.

மூன்று அடிக்கச் சில நிமிஷம் இருக்கும்போது அந்த அலுவலர் வந்தார். கக்கத்தில் கோப்பு. வாசலில் கழற்றிக் கிடந்த செருப்புக் கூட்டத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தபாலம்மா இல்லையா என்று தணிந்த குரலில் கேட்டார்.

"இல்லீங்க," என்றாள் ஏழு. "ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாங்க."

அவர் வருத்தம் தெரிவித்தார். மனதார வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. பொறுப்பாளர் இல்லையென்றால் மனு திரும்பிப் போகும், புதிய விலாசத்தோடு திரும்பவும் போடலாம், வரிசை முதலிலிருந்து வரும் என்று விளக்கினார். ஏழு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். திரும்பி மகளைப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை.

மகள் இரண்டடி தூரத்தில் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பேசாமல் இருந்தாலே போதும். யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அன்றைக்குத் தாயைப் பறிகொடுத்தவளிடம் யார் என்ன கேட்பார்கள்? அந்த மௌனம் அவளுக்கு ஒரு கணம் இனிக்கக்கூடச் செய்தது. பொய் சொல்வானேன்.

அலுவலர் கோப்பின் நாடாவைக் கட்டினார். ஏழு அந்த நாடாவையே பார்த்தாள். அவள் கைகள் ஈரமாகவே இருந்தன. காலையிலிருந்து அம்மாவைத் துடைத்த கைகள், தோல் சுருங்கிப் போயிருந்தன.

"பொறுப்பாளர்னா யாரா இருக்கணும்?" என்று மகள் கேட்டாள்.

"இந்த வீட்டு ஆளா இருக்கணும். இவங்களைத் தெரியும், இவங்க கடிதம் இங்க வந்தா கையில சேரும்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"இனிமே இந்த வீட்டு ஆள் நான்தான்."

அவர் நாடாவை மறுபடி அவிழ்த்தார். தாளைப் புரட்டி ஒரு இடத்தில் விரலை வைத்தார். "உறவுங்கிற எடத்துல 'மகள் மாதிரி'ன்னு எழுதியிருக்காங்க. அது நீங்களா?"

"அது இவ," என்றாள் மகள். "நான் மாதிரி இல்ல."

யாரோ பின்னால் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அலுவலர் எழுதிக்கொண்டார். கடிதங்களை வாங்கி வைக்க வாரத்தில் ஒரு நாளாவது இங்கே இருக்க முடியுமா, எந்த நாள் என்று கேட்டார். மகள் யோசித்தாள். டாக்டருக்கு விடுமுறை ஒரே நாள்தான்.

"ஞாயித்துக்கெழமை."

"ஞாயித்துக்கெழமையா?" ஏழு முதல் முறையாகத் தலையைத் தூக்கினாள். "அன்னிக்கு நாங்க யாரும் வர மாட்டோமே அக்கா. அம்மா கதவே தெறக்க மாட்டாங்க. 'என் மக போன் பண்ணுவா, போயிட்டு நாளைக்கு வாங்க'ன்னுடுவாங்க. காலைலயே குளிச்சுட்டுப் போன் பக்கத்துல உக்காந்துடுவாங்க. எங்களுக்கெல்லாம் பொறாமையா இருக்கும்."

மகள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். விலாசம் என்ற இடத்தில் கை தானாகத் தன் வீட்டு எண்ணை எழுதப் போயிற்று. அதை அடித்துவிட்டு இந்த வீட்டு எண்ணை எழுதினாள். அடித்த இடத்திலும் ஒரு கையெழுத்து வேண்டும் என்றார் அலுவலர். போட்டாள்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் தபால்காரர் வந்தார். அவருக்குச் செய்தி முன்பே தெரிந்திருந்தது. கடிதக் கட்டை நீட்டினார். பழக்கத்தில் ஏழின் கை முன்னால் வந்தது.

"குடுங்க, நான் போடறேன்," என்று மகள் வாங்கிக்கொண்டாள்.

வாசல் சுவரில் சாய்ந்திருந்த தட்டின் முன்னால் மண்டியிட்டாள். மூன்றுக்கு ஒன்று. ஐந்துக்கு ஒன்று. ஏழுக்கு ஒன்று. எந்தப் பெயர் எந்த எண் என்று ஏழு பின்னால் நின்று மெல்லச் சொல்லச் சொல்ல, அவள் அறை பார்த்துச் செருகினாள். கடைசியாக ஒரு நீள உறை. மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து. அம்மாவின் பெயருக்கு.

மகள் மேல் வரிசையைப் பார்த்தாள், கீழ் வரிசையைப் பார்த்தாள். பன்னிரண்டிலும் எண் இருந்தது.

ஏழு குனிந்தாள். ஏழாம் அறையிலிருந்த தன் கடிதத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அறையைக் காலியாக விட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள்.

உள்ளே ஆட்கள் அம்மாவைத் தூக்குவதற்குத் தோள் மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாமா நடையிலிருந்து எட்டிப் பார்த்து, தட்டை எங்கே வைப்பது என்று கேட்டார்.

"எடுத்துட்டுப் போனதும் பழைய எடத்துலயே மாட்டிடுங்க மாமா."

காலியான அறையை மகள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவின் கடிதத்தைத் தன் கைப்பைக்குள், பஸ் சீட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்து, ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினாள்.