நூற்றுப் பன்னிரண்டாம் பாட்டில் ஒரு விக்கல்

அவனை எல்லோரும் பெட்டிக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆர்மோனியம், கீபோர்டு, ஆர்கன் என்று எதன் முன்னால் உட்கார வைத்தாலும் வாசித்துவிடுவான். வெள்ளி, சனிக்கிழமை நாடகக் கொட்டகை, ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் கிறிஸ்தவக் கோயில். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அந்தப் பிழைப்பு. கடைசியில் அவனைக் கவிழ்த்ததும் ஒரு கால்தான், இடது கால்.

திங்கட்கிழமை விடியலில் அவனுடைய அத்தான் தூக்கத்திலேயே போய்விட்டார். முப்பத்திரண்டு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். அதே முப்பத்திரண்டு வருஷம் லுத்தரன் கோயிலின் பாடகர் குழுவில் பேஸ் என்ற அடிக்குரல். அழுது முகம் வீங்கியிருந்த அக்கா, மறுநாள் காலை அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நூத்திப் பன்னெண்டு வாசி. அவர் பாட்டு."

"வேற ஏதாவது வாசிக்கட்டுமாக்கா?"

"ஏன், அதுக்கு என்ன குறைச்சல்?"

குறை பாட்டில் இல்லையே.

கோயிலில் பாடும் ஞானப்பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வரியின் கடைசிச் சுரத்துக்கு மேலும் ஒரு வளைவும், வளைவுக்குள் ஒரு புள்ளியும் இருக்கும். அங்கே தாளத்தை விட்டுவிட்டு நிற்க வேண்டும். எல்லோரும் மூச்சு வாங்கிய பிறகுதான் அடுத்த வரி. பார்க்கக் கண் மாதிரி இருப்பதால் பாடகர் குழுவில் அதற்குப் பெயரே கண். அவசரக் குடுக்கைகள் அந்த இடத்தில் நிற்காமல் ஓடுவார்கள். அத்தான் மட்டும் ஓடவே மாட்டார். "ஸ்டாப்பிங்ல நின்னாத்தான்யா பின்னாடி வர்றவங்க ஏற முடியும்" என்பார். பஸ்ஸையும் அப்படித்தான் ஓட்டினார், அதற்காக மேலதிகாரியிடம் திட்டும் வாங்கினார்.

பத்து மாதத்துக்கு முன்னால் நாடகக்காரர்கள் ஒரு குடிகாரன் பாட்டு கேட்டார்கள். ஒத்திகைக்கு இரண்டே நாள். பெட்டிக்காரனின் தலையில் ஒன்றும் வரவில்லை. வராதபோது கை பழகிய இடத்துக்குத்தானே போகும்? நூற்றுப் பன்னிரண்டின் மெட்டை எடுத்தான், வேகத்தை இரட்டிப்பாக்கினான், ஒவ்வொரு கண்ணிலும் குடிகாரனுக்கு ஒரு விக்கல் வைத்தான். விக்கலுக்குச் சத்தம் கொடுத்தது அவன் இடது கால். கீபோர்டுக்குக் கீழே வைத்திருந்த மிதிகட்டையை ஓர் உதை, 'ஹிக்' என்று ஒரு சத்தம். கொட்டகை அதிர்ந்தது. நாலாவது வரிக்குள் சனமே சேர்ந்து விக்கியது. அறுபத்து மூன்று ஆட்டம் ஓடிவிட்டது. சுவரொட்டியில் 'இசை' என்று போட்டு அவன் பெயர்.

யாராவது கேட்டால் சொல்ல ஒரு நியாயமும் தயாராக வைத்திருந்தான். அந்தக் காலத்தில் தெருவில் பாடிய மெட்டெல்லாம்கூடக் கோயிலுக்குள் வந்ததாகச் சொல்வார்களே, நான் ஒன்றைத் தெருவுக்குத் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான். யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய அக்கா, அத்தான் இரண்டு பேரிடம் மட்டும், "அந்த நாடகம் உங்களுக்குச் சரிப்படாது, ஆபாசமா இருக்கும்" என்று முதலிலேயே சொல்லி வைத்துவிட்டான். ஞாயிறு மதியம் அவர்கள் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. அத்தான் கையால் பரிமாறியதைப் பத்து மாதம் தின்றுகொண்டு, "நாடகம் நல்லா போகுதத்தான்" என்று பெருமையும் அடித்தான்.

கோயிலில் ஆர்கன் முன்னால் உட்கார்ந்ததும் அக்கா அத்தானுடைய பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அது தானாகவே நூற்றுப் பன்னிரண்டில் திறந்தது. நடுவில் ஒரு துண்டுச் சீட்டு. கொட்டகை டிக்கெட். ஐந்தாம் வரிசை, பதினான்காம் இருக்கை. தேதியைப் பார்த்தான், மூன்றாவது ஆட்டம்.

எல்லாம் தெரிந்துதான் பத்து மாதமாக இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோடா என்றாரா? செத்தவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. நல்லவேளை, ஆர்கன் வேறு பக்கம் பார்த்துப் போடப்பட்டிருந்தது.

முதல் சரணம் ஒழுங்காகப் போயிற்று. ஒவ்வொரு கண்ணிலும் நின்றான். சபையும் நின்றது. இரண்டாம் சரணத்தில் கண்ணீர் மறைத்தது, பக்கம் கலங்கியது, பார்த்து வாசித்த கை பழக்கத்தில் வாசிக்கத் தொடங்கியது. கைக்கு ஒரு பழக்கம் என்றால் காலுக்கு ஒரு பழக்கம். மூன்றாம் வரியின் முடிவில், கோயில் மொத்தமும் மூச்சு வாங்க நின்ற அந்த நொடியில், இடது கால் போய் மிதிகட்டையை உதைத்தது.

கொட்டகையில் அது விக்கல். கோயில் ஆர்கனின் மிதிகட்டையோ கீழ்ச்சுரக் கட்டை, அடிமந்தரத்தில் ஒரு பெரிய 'பாம்'. எருமை கத்தியதுபோல எழுந்து கூரை வரை போனது.

பின்வரிசையில் யாரோ கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டதை ஆர்கன் மேல் மாட்டியிருந்த கண்ணாடியில் அவன் பார்த்தான். மீதிச் சரணங்களை எப்படி வாசித்தான் என்று அவனுக்கே தெரியாது.

ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுவில் ஆல்டோ பாடும் டீச்சர் வந்து அவன் முதுகைத் தடவினார். "அழுகையில கால் தடுமாறிடுச்சு, பாவம். அத்தான் மேல அவ்வளவு உசுரு." போதகர் அவன் கையைப் பிடித்து, "மனசு உடைஞ்சு வாசிச்சீங்க தம்பி" என்றார். வரிசையாக வந்து ஆறுதல் சொன்னார்கள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றான். இல்லை என்றும் சொல்ல முடியவில்லை, ஆமாம் என்று தலையாட்டவும் முடியவில்லை. வெட்கக்கேடு என்னவென்றால், கடைசியில் ஆட்டினான்.

கல்லறைக்குப் போகும் வேனில் அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

"டிக்கெட்டப் பாத்தியா?"

அவன் தலை தொங்கியது.

"ரெண்டு வாங்கினோம். பதினஞ்சுல நான் இருந்தேன்."

"அன்னைக்கே செருப்பால அடிச்சிருக்கலாமேக்கா."

"அதுக்குத்தான் எழுந்தேன். அவர் கையப் பிடிச்சு உக்கார வெச்சுட்டாரு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. அவர் மட்டும் ஒவ்வொரு கண்ணுலயும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு." அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "வர்ற வழியில ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. அவனே வந்து சொல்லுவான், ஸ்டாப்பிங்ல நிப்போம், ஏறட்டும்னாரு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீ சாப்பிட்டுட்டுக் கை கழுவுறவரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பாரு. பத்து மாசம் நின்னாருடா."

பெட்டிக்காரன் வாய் திறந்தான். இத்தனை நாள் சொல்லாததை இனி யாரிடம் சொல்வது?

"என்கிட்டச் சொல்லாத" என்றாள் அக்கா. "கல்லறையில ஆர்கன் கிடையாது. அவர் இடத்துல நின்னு பேஸ் பாடு. மறைஞ்சுக்க அங்க பெட்டி எதுவும் இருக்காது."

குழியைச் சுற்றிப் பாடகர் குழு நின்றது. அத்தான் நிற்கும் இடது ஓரத்தில் அவன் நின்றான். அதே பாட்டு. முதல் கண்ணில் நின்றான். இரண்டாம் கண்ணிலும் நின்றான். இடது காலை மண்ணில் அழுத்தி ஊன்றிக்கொண்டான். மூன்றாம் வரி முடிந்தது, எல்லோரும் நின்றார்கள், அந்த அமைதியில்தான் அத்தான் இல்லை என்பது அவனுக்கு உறைத்தது. அடக்கி வைத்திருந்த அழுகை ஒரே வெட்டாக வெளியே வந்தது.

விம்மல்தான், சத்தியமாக விம்மல்தான். ஆனால் அந்த இடத்தில் அது அச்சு அசலாக விக்கல் மாதிரியே கேட்டது.

கூட்டத்தின் பின்னால் யாரோ பொறுக்க முடியாமல் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். பக்கத்தில் நின்ற டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தவர்மேல் கோபப்பட அவனுக்கு யோக்கியதை இல்லை. அந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று அறுபத்து மூன்று தடவை சொல்லிக் கொடுத்தவன் அவன்தான்.