மூன்றாம் முழுக்கு

தமியானாவின் தம்பி வஹீபுக்குக் குவைத்தில் கட்டட வேலை. மகனின் ஞானஸ்நானத்துக்கும் விடுப்பு கிடைக்கவில்லை. தண்ணீரிலிருந்து எழும்போது பிள்ளையின் முகம் எப்படி இருக்கும், அதை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லியிருந்தான். ஆயுளுக்கு ஒரு முறைதான் நடக்கிற காரியம். புகைப்படக்காரரை வைக்கலாம் என்ற அவன் மனைவி இரினியை, "நான் இருக்கிறப்ப எவனோ எதுக்கு?" என்று தடுத்தவள் தமியானாதான்.

கை நடுக்கத்தைத் தானே ஈடுகட்டும் புதுக் கேமரா அவளிடம் இருந்தது. முந்தின நாள் மாலை, கோயிலில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், வெறுங்கையால் அரை விநாடி ஷட்டரைத் திறந்துவைத்துப் புனிதர்களின் ஓவியங்களை எடுத்துப் பார்த்தாள். அத்தனையும் துல்லியம்.

"பாரு இரினி, மார் கிர்கிஸோட குதிரைவாலை மயிர் மயிரா எண்ணலாம்!"

"அது ஓடாத குதிரைதானே அண்ணி."

காலையில் ஞானஸ்நானத் தொட்டியறைக்குள் நிற்கவே இடமில்லை; கேமராவை நிறுத்தும் முக்காலிக்கு வழியேது?

"பிளாஷ் அடிச்சேன்னா கேமராவையும் சேத்து முக்கிடுவேன் மகளே," என்றார் குரு, அபூனா சரபாமோன்.

முதல் முழுக்கு. குழந்தை உதைத்தது. கேமராத் திரையில் சுவரின் சிலுவை கத்தி போலக் கூர்மையாக வந்திருந்தது. குருவின் கைகளுக்கு நடுவே பால் பொங்கினாற்போலக் கலங்கலாக ஏதோ ஒன்று. இரண்டாவதும் அப்படியே.

இவ்வளவு நேரம் கேமரா பிடித்துக்கொண்டிருந்தது அவள் கையைத்தான், உதைக்கிற பிள்ளையை அல்ல. கேமராவின் சக்கரத்தை உருட்டி, ஷட்டர் சட்டென்று மூடும்படி வேகத்தைக் கூட்டினாள். படம் புள்ளி புள்ளியாக வரும். வரட்டும்.

மூன்றாவது முறை குழந்தையை மேலே எடுத்த குரு, வழக்கப்படி அதன் முகத்தில் ஊதினார். உதைத்துக்கொண்டிருந்தது திகைத்து ஒரு கணம் அடங்கியது. அப்போது அழுத்தினாள்.

குழந்தைக்கு வெள்ளையுடுப்பு மாட்டி முடிந்ததும் படங்களை இரினியின் கைபேசிக்கு மாற்றிக் கொடுத்தாள்.

"மண்ணை வாரித் தூவின மாதிரி இருக்கே!"

"இருட்டுல அப்படித்தான் வரும்."

இரினி விரல்களால் பெரிதாக்கினாள். மூடிய கண்கள், பாதி திறந்த வாய், இமையில் தொங்கும் ஒரு துளி.

"இவன் அப்பா மாதிரியே அண்ணி. அழறதுக்கு முன்னாடி ஒரு யோசனை."

"இதை மட்டும் அனுப்பு. மத்த ரெண்டும் வேண்டாம்."

"மூணையும் அனுப்பிட்டேனே. சுவத்தை யாரு இவ்வளவு அழகா எடுத்ததுன்னு உங்க தம்பி கேக்கறார்."