திருப்பிப் போட்ட ஜெர்ஸி

கூட்டத்தின் நடுவில் காற்றே இருக்காதாம். கொக்கு அதைச் சொன்ன நாளிலிருந்து அந்த ஒரு பேச்சு என் மண்டைக்குள் வாடகை கொடுக்காமல் குடியிருந்தது. ஏழெட்டுப் பேர் நெருக்கமாகச் சைக்கிள் மிதித்துப் போனால், முன்னால் போகிறவர்கள் காற்றைக் கிழித்து வழி விட்டுவிடுவார்களாம். நடுவில் இருப்பவருக்குக் கதவைச் சாத்திய அறைக்குள் இருப்பதுபோல் இருக்குமாம். மிதிக்கிறோம் என்பதே மறந்துபோகுமாம்.

"அங்க வந்துட்டா ஊர்க்கதை பேசிக்கிட்டே போகலாம். ஆனா அங்க வரணும்ல?" என்றார் கொக்கு. கழுத்தும் காலும் நீளமான மனிதர், அதனால் அந்தப் பட்டப்பெயர்; எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் கூட்டத்துக்குத் தலை. கூட்டத்துக்கு ஒரே சட்டம்தான்: பின்தங்கியவருக்காக யாரும் நிற்பதில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டி வெட்டவெளிச் சாலை வந்ததும் ஒவ்வொரு வாரமும் நான் பின்தங்கிவிடுவேன். அவர்கள் சின்னதாகி, புள்ளியாகி, நீர்த்தேக்கத்துப் பக்கம் மறைவார்கள். நான் வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்து துணி துவைப்பேன்.

கோபம் வரும், அவர்கள் மேல் அல்ல, என் சட்டை மேல். அது என் வீட்டுக்காரரின் பழைய பனியன். காற்று பட்டதும் உப்பிக்கொண்டு, முதுகில் தலையணை கட்டினதுபோல் பின்னால் இழுக்கும்.

எனக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. நாள் முழுக்க இளஞ்சிவப்பு மெழுகில் பல்லைப் பதிப்பேன். மெழுகு இளகும் வாசனையில் மனம் மெல்ல நழுவி எங்கேயோ போய்விடும். வரிசையாக நிற்கும் பற்கள் சைக்கிள்காரர்களாக மாறும். ஒருநாள் நடுவில் இருந்த பல்லைப் பார்த்து, "உனக்கென்னம்மா, காத்தே படாது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைக்காரி விளக்கைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள்.

புதுச் சாமான் வாங்கினால் கையைக் கடிக்கும். அதனால் என்னுடையது எல்லாமே செகண்ட் ஹேண்ட். சைக்கிளின் சட்டகம் ஒரு தபால்காரர் கொடுத்தது, பின்சக்கரம் அளவு தெரியாமல் வாங்கிவிட்டு முழித்த ஒரு கல்லூரிப் பையனுடையது. மெத்தை வைத்த டவுசர் வந்தபோது என் வீட்டுக்காரர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இது டவுசரா, டயப்பரா?" என்றார். அதற்குள் வேறெதுவும் போடக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உள்ளாடையோடு மிதித்து, தையல் உரசி, திங்கட்கிழமை முழுக்க நின்றுகொண்டே பல் பதித்தேன்.

அடுத்து ஷூவில் ஏமாந்தேன். பார்க்க லட்சணமான ஷூ, விலையும் கொள்ளை மலிவு. அடியில் மூன்று துளை. பெடலைக் கவ்விப் பிடிக்கும் தகட்டை அந்தத் துளைகளில்தான் திருக வேண்டும். என் பெடலோ இரண்டு துளைத் தகட்டுக்கானது. இரண்டும் ஜென்மத்துக்கும் ஒட்டாது. ஷூவை விற்க எனக்கு மனம் வரவில்லை, அதற்கேற்ற பெடல் தேடக் கிளம்பினேன்.

"பொத்தான் கிடைச்சுதுன்னு சட்டை தைக்கிற ஆளு நீ" என்றார் வீட்டுக்காரர். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெடல் விற்பவர் ஒரு பள்ளிக்கூட பஸ் டிரைவர். வீடு ரயில்வே கேட்டை ஒட்டிய கட்டடத்தில் மாடி. கதவைத் திறந்ததும் உதட்டில் விரல் வைத்தார். "மெல்லப் பேசுங்க, தூங்குறா."

ஆணியில் பஸ் சாவி தொங்கியது. கட்டில்மேல் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கியிருந்தார். பெடல், கையுறை, சைக்கிள்காரர்கள் இறுக்கமாகப் போடும் ஓர் ஆரஞ்சு ஜெர்ஸி. அறை முழுக்கச் சோப்பு வாசனை. ஏதோ பயணம் கிளம்புகிற வீடு போலிருந்தது.

"என் வீட்டுக்காரியோடது. டீச்சர்னு சொன்னா உங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். முன்னாடி கூட்டத்தையே இழுத்துக்கிட்டுப் போறவ. இப்போ இடுப்புக்குக் கீழ நரம்பு சொன்ன பேச்சு கேக்கறதில்ல." ஜெர்ஸியை நீவிவிட்டார். "என் கண்ணுல படாம எல்லாத்தையும் அனுப்பிடுன்னு சொல்லிட்டா."

பெடல் என் ஷூவுக்கு அச்சாகப் பொருந்தியது. ஜெர்ஸியையும் அதே விலைக்குள் சேர்த்துக் கொடுத்துவிட்டார். அதன் தோளில் கிழிந்த இடத்தை நீல நூலால் நெருக்கித் தைத்திருந்தது. "ஒரு தடவை விழுந்தா. அன்னிக்கே தச்சு, மறுவாரம் போட்டுக்கிட்டுப் போயிட்டா" என்றார்.

வீட்டில் போட்டுப் பார்த்தேன். எனக்கென்றே அளவெடுத்தது போல் உடம்போடு ஒட்டியது. இனி காற்றுக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. கண்ணாடி முன் குனிந்து நின்று, நடு இடத்துக்கே போய்விட்ட மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். மூடின கண்ணுக்குள் ரயில்வே கேட் வந்தது. கேட்டுக்கு மேலே அந்த மாடி ஜன்னல்.

அது திறந்து நான் பார்த்ததில்லை. ஆனால் சாத்தின ஜன்னலுக்குப் பின்னால் ஆள் இருக்காதா? கண்ணில் படக்கூடாது என்று சொன்னவளின் வாசலிலேயே அவள் சட்டையை மாட்டிக்கொண்டு போவதா? பனியனையே போட்டுக்கொண்டு போகலாம். போனால் திரும்பவும் துணிதான் துவைக்க வேண்டும். நல்ல புத்தி ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். ஜெர்ஸியைக் கழற்றும்போது அது உள்வெளியாகப் புரண்டது. உள்பக்கத்தில் சாயமே ஏறவில்லை, பால் வெள்ளை. அப்படியே போட்டுக்கொள்வதென்று முடிவெடுத்தேன்.

ஞாயிறன்று நல்ல பனிமூட்டம். மரங்கள் பாதி அழிந்து நின்றன. என் சட்டைப் பைகளெல்லாம் உள்ளே, தையலெல்லாம் வெளியே.

"சட்டை திரும்பியிருக்கு" என்றார் கொக்கு.

"தெரியும்."

கேட் மூடியிருந்தது. எல்லோரும் ஒரு காலை ஊன்றி நின்றோம். மாடிப்பக்கம் யாரும் தலை நிமிரவில்லை, எப்போதும் அப்படித்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே கொக்கி நீக்கும் சத்தம் கேட்டது.

"ஏய், வெள்ளைச் சட்டை!"

எட்டுத் தலையும் நிமிர்ந்தன. ஜன்னலில் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும், கலைந்த தலை, தூக்கம் போகாத முகம். எனக்கு உயிரே போய்விட்டது.

"அந்தத் தையல் என்னோடது. எங்க பாத்தாலும் தெரியும்."

வெளியில் மறைக்க நினைத்த நீல நூல் உள்பக்கத்தில்தான் முடிச்சு முடிச்சாக அப்பட்டமாகத் தெரிந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை.

"மன்னிச்சுக்குங்க, உங்க கண்ணுல பட வேண்டாம்னுதான்..."

"பட்டாச்சு. அதை ஒழுங்காத் திருப்பிப் போட்டுக்கிட்டுப் போ. அசிங்கமா இருக்கு."

வண்டியைச் சாத்திவிட்டு மாடிப்படிக்கு அடியில் ஓடினேன். இருட்டில் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. தலைக்கு மேல் ரயில் ஓடுவதுபோல் சுவரெல்லாம் அதிர்ந்தது. பிறகு சத்தம் தேய்ந்து, கேட் மணியும் நின்றது. போய்விட்டார்கள். இன்றைக்கும் இல்லை. அழுகை வந்தது, ஜிப்பை விட்டுவிட்டு அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்து, ஆரஞ்சு நிறத்தில் வெளியே வந்தேன்.

கேட் அண்ணாந்து திறந்து கிடந்தது. ஏழு பேரும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள்.

"போகலையா?"

"செயின் கழண்டிருச்சு" என்றார் கொக்கு, என்னைப் பார்க்காமல்.

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

ஒருவர் கையிலும் துளி கிரீஸ் மசி இல்லை. கொக்குவின் கண் சிவந்திருந்தது.

"கதை விடாம கிளம்புங்க!" என்றது மேலே குரல். "கொக்கு, அவள நடுவுல வச்சுக்க."

கிளம்பினோம். முன்னால் இரண்டு முதுகு, பக்கவாட்டில் தோள்கள், பின்னால் மூச்சுச் சத்தம். அவர்கள் மெல்ல நெருங்கி என்னைச் சூழ்ந்தார்கள். காற்று நின்றது. நிஜமாகவே நின்றது, யாரோ கதவைச் சாத்தினது போல. பனிக்குள் சக்கரங்கள் தூக்கத்தில் பேசுவதுபோல் முனகிக்கொண்டு வந்தன.

அந்த அமைதியில்தான், எங்களுக்குப் பின்னால் ஜன்னலில், டீச்சர் தன் கணவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"சீக்கிரம் வாங்க. அதோ, நான் போறேன் பாருங்க."