வலை பிடித்த கை

டெல்மர் வாயைத் திறந்தாலே ஆர்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்த தம்பிதான். அதற்காக, ஊரைக் கூட்டிப் பொய் சொன்னவனை மடியில் வைத்துக் கொஞ்ச முடியுமா?

முந்தின நாள் அவள் தூண்டிலில் மஸ்கி என்கிற பெரிய வேட்டை மீன் மாட்டியது. இந்த விஸ்கான்சின் ஏரியில் ஒன்பது வருடம் தோள் வலிக்க வீசியவளுக்கு, ஐம்பது அங்குலத்தைத் தாண்டிய முதல் மீன். ஜிக் என்கிற ஈயத்தலைக் கொக்கியில் ரப்பர் வாலைக் கோத்து, அடிவரை இறக்கி, வெடுக்கென்று தூக்கி மறுபடி விழவிட்டாள். விழும்போதுதான் அந்த வால் நெளியும். அப்போதுதான் கவ்வியது. படகோரம் வரை கொண்டுவந்தும் விட்டாள். வலை டெல்மர் கையில். மீனைத் தலைப்பக்கம்தான் வாங்க வேண்டும் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த அவசரக்குடுக்கை வால்பக்கம் போய்க் குத்தினான். ஒரே துள்ளல். கொக்கி வலைக்கண்ணில் மாட்டிக்கொண்டது, மீன் போயே போய்விட்டது.

அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். சாயங்காலம் படகுத்துறை மதுக்கடையில் மீன் வறுவலும் பீருமாக எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அவன் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"பெரிய மீனா? அட போங்கப்பா! முப்பது அங்குலம் தேறினா அதிகம். அக்கா முடிச்சு ஒழுங்கா போடல, அவுந்துக்கிச்சு."

கடையே சிரித்தது. அவள் சொன்னதை ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

படகு இருவருக்கும் பொது என்பதால் மறுநாள் காலையும் ஒன்றாகத்தான் போனார்கள். பாறைத்திட்டு ஓரம் டெல்மரின் தூண்டில் வளைந்தது.

"அக்கா! மாட்டிக்கிச்சு! வலைய எடு, சீக்கிரம்!"

மீன் மேலே வந்தபோது ஆர்லிஸுக்கு வயிறு எரிந்தது. நேற்றையதைவிடப் பெரிது. வால்பக்கம் ஒரு இடி இடித்தால் போதும், பழி தீர்ந்துவிடும். ஆனால் வலையைப் பிடித்த கைக்கு அந்த ஈனபுத்தி வரவில்லை. தலைப்பக்கமாக, அலுங்காமல் வாங்கினாள்.

"பாத்தியா? முடிச்சுன்னா இப்படிப் போடணும்! இரு, போன எடுக்கறேன். அளவுப்பலகை எங்க?" என்று டெல்மர் திரும்பிப் பையைக் குடைந்தான்.

மஸ்கியை இங்கே யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அளந்து, படம் பிடித்து, ஏரியிலேயே விட்டுவிடுவார்கள். படமும் அளவும் இல்லாத மீனுக்குச் சாட்சி, கூட இருந்தவரின் வாய் மட்டும்தான்.

ஆர்லிஸ் குனிந்தாள். தண்ணீருக்குள்ளேயே குறடால் ஜிக்கைக் கழற்றி வலையைச் சாய்த்தாள். மீன் ஒரு கணம் நின்றது. பிறகு ஆழத்துக்குப் போய்விட்டது.

போனும் கையுமாகத் திரும்பியவன் அலறினான். "அடிப்பாவி! என்ன பண்ணின? அம்பத்திரண்டு அங்குலம் இருக்கும் அது! நீ பாத்ததானே? கடையில வந்து நீதான் சொல்லணும்!"

"எந்த மீனுடா?" என்றாள் ஆர்லிஸ்.