கறுப்புக் கம்பளி

"மொதல்ல நீ ஒரு வாய் தின்னு. அப்பறம் எங்க நைனா தின்னட்டும்."

ஓமந்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கிய பாஞ்சாலி, கேப்பைக் களித் தட்டைத் தம்பி மனைவி கிருஷ்ணவேணியின் பக்கம் தள்ளினாள். தெருப் பெண்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். கிருஷ்ணவேணி ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டாள். தன் கையால் கிண்டிய களியை விஷமா என்று பார்க்க அவளையே தின்னச் சொல்கிறார்களே! கணவன் சீனுவாசன் மாட்டுக்குக் கயிறு திரிப்பதில் அப்படி என்ன அவசரமோ, தலையே நிமிரவில்லை.

களியைத் தின்று முடித்த மாமனார் சுப்பராயலு, மீசையில் ஒட்டியதைக்கூடத் துடைக்காமல் மகளைப் பார்த்துச் சொன்னார்: "மூணு நாளா எனக்கு யாரும் சோறு போடலம்மா."

வாசலில் ஒருத்தி 'உச்' கொட்டினாள்.

"நைனா ஒடம்பு எளைச்சிப் போச்சு பாரு. ஆமா, வாசப்படில இது என்னாடி கறுப்பா?" என்றாள் பாஞ்சாலி.

"கம்பளி, அண்ணி. மாமா வெளிய போயிடாம இருக்கத்தான். அதப் பள்ளம்னு நெனச்சிக்கினு தாண்ட மாட்டாரு."

"கேட்டியாடா சீனு! அவ வாயாலயே சொல்றா. எங்க நைனாவக் கட்டிப் போட்டுட்டா!"

உண்மையைச் சொன்னதுதான் கிருஷ்ணவேணி செய்த தப்பு. போன தை மாதம் மல்லாட்டைக் கொல்லைக்கு வேர்க்கடலைச் செடி பார்க்கப் போன மாமனார் வழி தெரியாமல் ஒலக்கூர் பக்கம் ரயில் தண்டவாளத்தில் நின்றிருந்தார். கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார். அவரை அழைத்துக்கொண்டு அவள்தான் விழுப்புரத்துக்கு ஓடினாள். டாக்டர், "வயசானா செல பேருக்கு மூளை தேஞ்சி போகும்மா. இதுக்கு மருந்து இல்ல. இதே மாதிரி புருஷன வெச்சிக்கிட்டு ஒரு அம்மா திண்டிவனத்துல இருக்காங்க. போய்ப் பேசிப் பாருங்க" என்றார்.

அந்த அம்மா பெயர் வடிவு. மரக்காணத்துக் கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்து திண்டிவனத்தில் குடியிருந்து மீன் விற்பவள். புருஷனை வைத்துப் பட்டுப் பட்டுக் கற்றதையெல்லாம் கிருஷ்ணவேணிக்குச் சொல்லிக் கொடுத்தாள். கிளம்பும்போது தன் வீட்டுக் கம்பளியையும் மடித்துக் கையில் கொடுத்தாள். "எதுத்துப் பேசாத தாயி. சாப்புட்ட தட்ட ஒடனே கழுவாத, கண்ணெதிர வையி, தின்னது அவருக்குத் தெரியட்டும். எங்கூட்டுக்காரரு போன மாசம் போய்ச் சேந்துட்டாரு. இந்தக் கம்பளி இனிமே ஒனக்கு ஒதவட்டும்."

மாமனாரோடு வடிவு வீட்டுச் சந்துக்குள் அவள் நுழைந்ததையும், கறுப்பாக எதையோ சுருட்டிக்கொண்டு வந்ததையும் ஊர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். போதாதா? திண்டிவனத்தில் மந்திரவாதி வீட்டுக்குப் போய் வந்தாள் என்று தெரு முடிவு கட்டிவிட்டது.

பாஞ்சாலி தகப்பனைக் கையோடு அழைத்துக்கொண்டாள். கம்பளியையும் சுருட்டி எடுத்தாள். "அனந்தபுரத்துல குறி சொல்றவங்ககிட்ட காட்டினா இது யாரு வேலைன்னு புட்டுப் புட்டு வெச்சிடுவாங்க. அதுக்கப்பறம் இவ இந்தூட்ல இருக்கக் கூடாது."

சீனுவாசன் அப்போதுதான் வாய் திறந்தான். "ஆவணி வரிக்கும் பாக்கறேன். நைனாவுக்குச் சொகமாச்சின்னா, தப்பு ஒம்மேலதான். ஒங்கம்மா ஊட்டுக்குப் போயிடு."

அன்றிலிருந்து தெருக் குழாயடியில் அவள் குடத்தை யாரும் தொடுவதில்லை. அதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ஓமந்தூரில் பாஞ்சாலி வீட்டுக்குப் பின்னால் சுவரில்லாத கிணறு ஒன்று உண்டு. மாமனார் அந்தப் பக்கம் போய்விட்டால்? ஆடி பிறந்ததும் கொஞ்சம் மல்லாட்டையை வறுத்து முந்தானையில் முடிந்துகொண்டு தனியாகவே பஸ் ஏறினாள்.

பாஞ்சாலி வீட்டு வாசலில் ஒரு கறுப்புக் கம்பளி விரிந்திருந்தது. மூலையில் மாமனாரின் பீடி நெருப்பு பட்ட ஓட்டை. கிருஷ்ணவேணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்து வீட்டுக்காரி ராஜாமணி முறமும் கையுமாக வந்தாள். "யாரும்மா நீ? பெரியவரப் பாக்க வந்தியா? மருமவக்காரி என்னமோ வெச்சி வுட்டுட்டாளாம், பாவி. பெத்த மவ தங்கம். அப்பன் கெணத்தண்ட போவாம கம்பளி போட்டுக் காவந்து பண்ணுது பாரு."

உள்ளேயிருந்து சுப்பராயலு குரல் கொடுத்தார். "இந்தப் பொம்பள எனக்கு மூணு நாளா சோறு போடல!"

ராஜாமணி சிரித்தாள். "பாவம், வியாதி. வாயில வந்ததச் சொல்றாரு."

கிருஷ்ணவேணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அங்கே சாட்சியாக இருந்த சொல் இங்கே வியாதியாகிவிட்டது!

பாஞ்சாலி வெளியே வந்தாள். கண்கள் குழிவிழுந்து, தலை எண்ணெய் காணாமல் கிடந்தது. கிருஷ்ணவேணியைக் கண்டதும் முகம் வெளிறிக் கையைப் பிடித்து இழுத்தாள். "உள்ள வாடி. என்னால சமாளிக்க முடியல. இன்னும் என்னா பண்ணணும்னு சொல்லிக் குடு. இங்க வாணாம், உள்ள."

கிருஷ்ணவேணி நகரவில்லை.

"எங்க தெருவுல சத்தமாத்தான பேசினீங்க அண்ணி? இங்க எதுக்கு ரகசியம்?" ராஜாமணி பக்கம் திரும்பினாள். "நாந்தாங்க அந்த மருமவ. இந்தக் கம்பளியும் என்னுதுதான்."

ராஜாமணியின் முறம் அப்படியே நின்றது. அக்கம்பக்கத்து வாசல்களில் தலைகள் முளைத்தன. கம்பளியின் விளிம்பு வரை வந்து நின்ற சுப்பராயலு, மருமகளைப் பார்த்து யாரோ என்று நினைத்து, தின்ன ஏதாவது கேட்டுக் கை நீட்டினார்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஒரு மல்லாட்டையை உடைத்துப் பருப்பைத் தன் வாயில் போட்டு, எல்லாரும் பார்க்க நிதானமாக மென்று விழுங்கினாள்.

"நான் தின்னுட்டேன், அண்ணி. இப்ப மாமாவுக்குக் குடுக்கலாமா?"